நாலாம் ராஜாவுக்கு ரப்பர் டயர்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஒரு வருடம் ராஜாக்கள் நான்கு பேர். மூன்று பேர் களிமண். நான்காமவர் பிளாஸ்டிக். சாவி கொடுத்தால் காராக ஓடுவார், மடக்கி நிமிர்த்தினால் ரோபோவாக எழுந்து நிற்பார். அவரை மலையேற்றியது நான்தான். நாற்பது வருடமாகியும் இதைச் சொல்ல எனக்கு அலுக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு அலுத்திருந்தால் அது அவர்கள் பாடு.

கம்பைநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். எண்பதுகளின் நடுவில், நான் நான்காவது படித்தபோது, பெங்களூரில் வேலையிலிருந்த மாமா பண்டிகைக்கு வந்தார். ஏழாவது படித்த அண்ணனுக்கு அந்த ரோபோ காரைக் கொடுத்தார். எனக்குப் படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பொம்மை. எனக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொம்மையை அன்றைக்கே படுக்கவைத்தேன். அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று மாலை பங்குச்சாமியார் வீடுவீடாகக் குடில் பார்க்க வருவார். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "இந்த வருசம் எங்க வூட்டுக் குடில்ல ராசா கார்ல வராரு" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். சிமெண்டுச் சாக்குத் தாளில் மலை செய்து, கேழ்வரகு முளைக்கவைத்து, குழந்தை ஏசுவின் காலடி வரைக்கும் ஒரு பலகையைச் சாய்த்தான். பாதை பளபளவென்று இருக்கவேண்டும் என்று அதன்மேல் பச்சைக் கிளேஸ் பேப்பர் ஒட்டினான். அங்கேதான் வினை. வழுவழுப்பான பிளாஸ்டிக் சக்கரம் வழுவழுப்பான தாளில் என்ன செய்யும்? நின்ற இடத்திலேயே கிர்ரென்று சுற்றியது. ராஜா ஒரு சாண் ஏறினார், இரண்டு சாண் சறுக்கினார்.

தெருப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "முடிஞ்சா நீங்க ஏத்துங்கடா பாக்கலாம்! ஏத்தறவங்களுக்கே இந்த பொம்ம. மாதா சத்தியமா!" என்றான்.

மாதா மேல் வைத்த சத்தியம் எங்கள் வீட்டில் லேசுப்பட்டதில்லை. பையன்கள் எச்சில் தடவிப் பார்த்தார்கள், மண் தூவிப் பார்த்தார்கள். நான் மட்டும் வீட்டுக்குள் ஓடினேன். மாட்டு டாக்டர் போட்டுவிட்டுப் போன மருந்துப் பாட்டில்களின் ரப்பர் மூடிகளை நான் சேர்த்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் சக்கரங்களை நெம்பி எடுத்துவிட்டு, நான்கு மூடிகளைக் குத்தி மாட்டினேன். கார் விறுவிறுவென்று ஏறியது! ஆனால் மூடிகள் தடிமன். மடக்கும்போது கால்களுக்குள் சிக்கிக்கொண்டன. ராஜா காராகவே கிடந்தார்.

"ராசான்னா எந்திரிச்சி நின்னு கும்புடணும். இப்டி குப்புறப் படுத்துக்கினா செல்லாது" என்று அண்ணன் பொம்மையைப் பிடுங்கப் பார்த்தான். நான் விடவில்லை.

மணி மூன்றாகிவிட்டது. நான்கு மணிக்குச் சாமியார் வந்துவிடுவார். பிடிப்பும் இருக்கவேண்டும், மடக்கினால் இடிக்கவும் கூடாது. அவ்வளவு மெல்லிய ரப்பர் எங்கே இருக்கிறது? மாட்டுக்கொட்டகையில் அப்பாவின் சைக்கிள் நின்றிருந்தது. அவர் காலைப்பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, பிரியாணி சாப்பிட்டு, கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்சக்கரத்தின் வால்வைத் திருகினேன். காற்று சீறிக்கொண்டு போனது. குறட்டை நிற்கவில்லை. வால்வின்மேல் செருகியிருந்த மெல்லிய வால்டியூப்பை உருவி, பிளேடால் நான்கு துண்டாக நறுக்கினேன். பிளாஸ்டிக் சக்கரங்களைத் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டை இழுத்துப் போட்டேன். அளவெடுத்துத் தைத்த சட்டை தோற்கும், அப்படிப் பொருந்தியது.

சாமியார் வந்தார். பின்னாலேயே பாதித் தெரு. சாவி கொடுத்து அடியில் வைத்தேன். ராஜா வழுக்கவில்லை, திணறவில்லை. பச்சைத்தாளின்மேல் டுர்ரென்று ஏறிப்போய் ஏசுவின் காலடியில் நின்றார். நான் அவர் கையை நீட்டி, காலை இழுத்து, தலையை நிமிர்த்தினேன். எங்கும் இடிக்கவில்லை. எழுந்து நின்றார் நாலாம் ராஜா!

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. சாமியார் குனிந்து பார்த்து, "ராஜாக்கள் எத்தனை பேருன்னு வேதத்துல எழுதல கண்ணு. இவரும் இருக்கட்டும்" என்றார். அதற்குமேல் என்ன வேண்டும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் சாவியை என் கையில் வைத்தான். மாதா சத்தியம் ஆயிற்றே.

சாமியார் போனதும் அப்பா மாலைப்பாலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. கேன்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொசைட்டிக்குப் போனார். அதற்குள் அங்கே மூடிவிட்டார்கள். அவ்வளவு பாலையும் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"எவன்டா வால்டியூப்ப புடுங்கினது?"

பாவாடை மடிப்புக்குள் பொம்மையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாங்கப்பா" என்றான் அண்ணன்.

வேப்பங்குச்சி முறிகிற வரைக்கும் அடி. அன்றைக்கு எனக்கு எல்லாமே ஜெயம். பொம்மையும் எனக்கு, அடி அவனுக்கு. போதாததற்கு, திரும்பி வந்த பாலை அம்மா சுண்டக் காய்ச்சிப் பால்கோவா வேறு கிண்டினார். அண்ணன் வேண்டாமென்றதால் அவன் பங்கும் எனக்கே வந்தது. கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "நீ எதுக்குண்ணா புடுங்கினேன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே, "உன்னச் சொல்லியிருந்தா பொம்மய அடுப்புல போட்டிருப்பாருடி" என்றான்.

அடேயப்பா, அடி வாங்கியும் இவனுக்குப் பொம்மைமேல் வைத்த ஆசை போகவில்லையே என்று நினைத்தேன். அவன் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று உடனே அதை என் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். முழுப்பரீட்சை முடிகிற வரைக்கும் அவன் கையில் கொடுக்கவே இல்லை. அவனும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.