ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லும் பெட்டி

ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கெல்லாம் அவள் அக்கா. ஒருவனுக்கு மட்டும் அண்ணி. அவன் அவளுடைய கணவனின் தம்பி. 'சைரன்' என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனே காதைத் தீட்டிக்கொண்டால்தான் அவன் பேசுவது கேட்கும் என்பதால் வந்த பெயர் அது. அவனுக்கு இந்த வேலையைச் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். ஆகவே அவன் எங்காவது சறுக்கினால் அவள் பெயரும் கூடவே உருளும்.

ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமுக்கு அவள்தான் பொறுப்பு. அவள் பிறந்த வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள். களத்துமேட்டில் நெல்லைக் கிளறிக்கொண்டே பாடம் படித்து பட்டம் வாங்கியவள். அச்சடித்த எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். மாத்திரை அட்டையோடு வரும் துண்டுக் காகிதத்தைக்கூட விடமாட்டாள் என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அந்தப் படிப்புக்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது.

வண்டிகளில் வழி காட்டும் கருவி பொருத்துவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. ஊர் நாலா பக்கமும் வீங்கிக்கொண்டே போனது. புறநகரில் புதிதாக முளைத்த குடியிருப்புகளில் தெருவுக்குத் தெரு ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கேட். பழைய ஓட்டுநர்களே அங்கே போய் முழித்தார்கள். முதலில் ஒரு விற்பனைக்காரர் வந்து, டேஷ்போர்டில் பதிக்கும் பெரிய திரை ஒன்றைச் சைரனின் வண்டியில் சோதனைக்காக மாட்டிவிட்டுப் போனார். அது வாய் விட்டு வழி சொல்லும். ஓட்டுநர்கள் ஆளுக்கொரு குறுக்கு வழி பேசி வந்ததால் மேனேஜர் கறாராக ஓர் உத்தரவு போட்டார்: இனி பெட்டி சொல்வதுதான் வழி, சொந்த மூளையை யாரும் வண்டியில் ஏற்ற வேண்டாம்.

அந்தப் பெட்டி பேசத் தொடங்கிய வாரத்திலேயே சைரன் புறநகர்ப் புதுக் குடியிருப்பிலிருந்து வந்த ஓர் அழைப்புக்குத் தாமதமாகப் போனான். நெஞ்சு வலியில் துடித்த பெரியவர் வண்டி வருவதற்குள் அடங்கிவிட்டார். பெட்டி இடப்பக்கம் போகச் சொன்னது, போனேன், சந்தையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது என்றான் சைரன். விற்பனைக்காரர் வண்டியைப் பின்வாசலை ஒட்டிய திறந்த முற்றத்துக்கு எடுத்து வரச் சொல்லி, இன்ஜின் ஓட ஓட அதே முகவரியைப் போட்டுக் காட்டினார். வலப்பக்கம் என்று பெட்டி தெளிவாகச் சொன்னது. மறுநாள் மேனேஜரிடமிருந்து ஆர்டர் வந்தது: இன்னொரு முறை இப்படி நடந்தால் சைரன் ஆம்புலன்ஸை விட்டு இறங்கி, சலவைக்குத் துணி ஏற்றும் வண்டிக்குப் போக வேண்டும்.

வீட்டில் மாமியார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பிள்ளையைப் பொய்யன் என்று சொன்ன இடத்தில் மருமகள் வாயை மூடிக்கொண்டு நின்றாளே என்ற கோபம். ஆஸ்பத்திரியிலோ, கொழுந்தன் என்பதால் அக்கா தாங்குகிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எந்தக் கருவியை வாங்குவது என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பையும் மேனேஜர் அவள் தலையிலேயே கட்டினார்.

போட்டிக்கு வந்தது ஒரு கைக் கம்ப்யூட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் திரை; சோப்புப் பெட்டி அளவில் தனியாக ஒரு ஜிபிஎஸ். இரண்டும் வயர் இல்லாமலே பேசிக்கொள்ளும். கன்ட்ரோல் ரூமில் தட்டும் முகவரி நேராக அதில் போய் விழும். ஆனால் எழுத்து பொடி, உச்சி வெயிலில் திரை வெளிறிவிடும், குரலும் கிடையாது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இரண்டையும் அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கையுறை மாட்டிக்கொண்டு தொட்டாள், குலுக்கினாள், வெயிலில் வைத்தாள். கைக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதும்போது குறைகளில் முதலாவதாக 'ஊமை' என்று போட்டாள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தக் கணக்கில் பெரிய பெட்டிதான் ஜெயிக்கும் போலிருந்தது. சைரனுக்கும் அதன் மேல்தான் ஆசை. தன்னை மாட்டிவிட்ட பெட்டியையே அவன் கேட்டது அவளுக்கு வியப்பாக இருந்தது. கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில் இருக்கும்போது காதுக்குத்தான் வேலை கொடுக்க முடியும் என்றான்.

எழுதிக் கொடுப்பதற்கு முன் இரண்டையும் ஒரே வண்டியில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் மத்தியானம் அவளும் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். கைக் கம்ப்யூட்டர் அவள் மடியில் இருந்தது. வண்டி கட்டடத்துக்கு அடியில், கான்கிரீட் கூரையின் கீழே நின்றது. ஆம்புலன்ஸ்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்து அங்கே நிற்கும். கிளம்பும்போது பின்வாசல் வழியாக வெளியேறும். பின்பக்கம் மருந்துப் பெட்டிகளை நர்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தான்.

சோதனைக்கு இன்னும் கிளம்பவே இல்லை, வயர்லெஸ் கரகரத்தது. புதுக் குடியிருப்பில் ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பு, மூச்சு இழுக்கிறது. வேறு வண்டி ஏதும் கையில் இல்லை. சோதனைக்கென்று ஏறிய வண்டி, தலைக்கு மேல் கத்தி தொங்கும் ஓட்டுநர், அவன் முதல் முறை கோட்டை விட்ட அதே குடியிருப்பு.

சைரன் மெயின் சுவிட்சைப் போட்டான். வண்டி நிற்கும்போதெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பது ஆம்புலன்ஸ் பிரிவில் கண்டிப்பான வழக்கம். பேட்டரி இறங்கி, சுழல் விளக்குகூட எரியாமல் ஒரு வண்டி மானத்தை வாங்கிய பிறகு வந்தது அது. பெரிய திரை விழித்து வணக்கம் சொன்னது. அவன் முகவரியைத் தட்டினான். வண்டி சரிவில் ஏறிப் பின்வாசலுக்கு வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து ஒதுங்கினான்.

"இடப்பக்கம் திரும்பவும்" என்றது பெட்டி, தேன் ஒழுகும் குரலில்.

சைரன் அவள் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, இதேதான். அன்னைக்கும் இதே இடத்துல இதையேதான் சொல்லுச்சு."

"நில்லு" என்றாள்.

"குழந்தை அண்ணி…"

"நில்லுன்னா நில்லு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

சுழலும் விளக்கோடு ஆம்புலன்ஸ் வாசலில் அப்படியே நின்றது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்பக்கத்திலிருந்து நர்ஸ் கண்ணாடியைத் தட்டினான். அவள் குனிந்து பெரிய திரையைப் பார்த்தாள். படத்தில் வண்டியைக் குறிக்கும் அம்பு பின்தெருவில் இல்லை, முன்வாசலில் நின்றது. மூலையில் கடுகு போல ஒரு சாம்பல் நிறக் குறி. சாட்டிலைட் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் படித்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. வண்டி உள்ளே வரும்போது பெட்டி வானத்தைக் கடைசியாகப் பார்த்த இடம் முன்வாசல். கூரைக்குக் கீழே மெயின் சுவிட்சை அணைத்ததும் பெட்டி தூங்கிவிட்டது. மறுபடி விழித்தபோதும் முன்வாசலிலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறது. முன்வாசலிலிருந்து வெளியே போகிறவனுக்கு இடப்பக்கம்; பின்வாசலில் நிற்பவனுக்கு அது நேர் எதிர்ப்பக்கம். கொஞ்ச தூரம் போனதும் வானம் கிடைத்து, சத்தம் போடாமல் வழியைத் திருத்திக்கொள்ளும். அதற்குள் வண்டி சந்தைக்குள் மாட்டியிருக்கும்.

மடியில் இருந்த கைக் கம்ப்யூட்டர் அதுவரை 'சிக்னல் இல்லை' என்று சிவப்பில் காட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பிள்ளை. சிவப்பு போய்ப் பச்சை வரும் வரை அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வலது. போ."

அவன் போனான். வெயில் திரையை அழித்தது. பதிவேட்டு அட்டையை வளைத்துத் திரைக்கு நிழல் கட்டி, அவளே வழியைப் படித்தாள். பாலம் தாண்டி இரண்டாவது இடது. அடுத்த சந்து வேண்டாம், அதற்கடுத்தது. அவள் குரல் நடுங்கியது, வண்டி நடுங்கவில்லை. ஒரே மாதிரி கேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒரு திருப்பத்தில் அவள் தப்பாகப் படித்து, உடனே திருத்திக்கொண்டாள். அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினான். தெரு நடுவில் ஒரு மனிதன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் நின்றான். நர்ஸ் கதவைத் திறந்து பாய்ந்தான். திரும்பி வந்து ஆஸ்பத்திரிச் சரிவை நெருங்கும்போது பின்னாலிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. இவ்வளவு நல்ல அழுகையை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் விற்பனைக்காரரையும் மேனேஜரையும் அவள் முற்றத்துக்கு அழைக்கவில்லை, கூரைக்கு அடியில் அழைத்தாள். வண்டியை முன்வாசல் வழியாகக் கொண்டுவரச் சொன்னாள். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடச் சொன்னாள். அதே முகவரி, பின்வாசல். பெட்டி அதே தேன் குரலில் இடப்பக்கம் போகச் சொன்னது.

விற்பனைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்ஜின் ஓடிட்டே இருந்தா இந்தப் பிரச்சனையே வராது மேடம்."

"வண்டியை விடிய விடிய உறும விடச் சொல்றீங்களா?" என்றார் மேனேஜர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்த மெயின் சுவிட்ச் வழக்கம் யாரு கொண்டு வந்தது?"

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. எதை வாங்கலாம் என்று மட்டும் கேட்டார். கைக் கம்ப்யூட்டர் என்றாள். ஆனால் அப்படியே வேண்டாம். ஜிபிஎஸ் துண்டை வண்டியின் கூரையில் பதிக்க வேண்டும், திரைக்கு வெயில் மறைப்பு வேண்டும், நோயாளியை எடுக்கப் போகும்போது நர்ஸ் முன்சீட்டில் உட்கார்ந்து வழியை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பச்சை வராமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. மேனேஜர் தலையாட்டினார். சைரனின் பெயரில் போட்ட ஆர்டரை அன்றைக்கே ரத்து செய்வதாகவும் சொன்னார்.

மேனேஜர் அறையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கீழே இறங்கி வந்தபோது சைரன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆர்டர் ரத்தானதைச் சொன்னாள். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. துணியை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான்.

"அப்ப நான் வலது பக்கம் போயிருந்தா அந்தப் பெரியவரு?"

அப்போதும் பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. பிழைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை.

"தெரியாதுப்பா."

"அவரு மகன் என் சட்டையைப் பிடிச்சான் அண்ணி. வழி தெரியாதவனை எல்லாம் எதுக்குடா அனுப்புறாங்கன்னு கேட்டான். அவங்க இன்னும் அப்படியேதான் நினைச்சிட்டிருப்பாங்க."

"நாம போய்ச் சொல்லுவோம். நான் பேசுறேன்."

"மெயின் சுவிட்சையும் சொல்லுவீங்களா?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வயர்லெஸ் கூப்பிட்டது. துணியை வாளியில் போட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்து மெயின் சுவிட்சைப் போட்டான். அவள் முகவரியை அனுப்ப மாடிப்படியை நோக்கி ஓடினாள்.