கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன்

பசங்களா, பள்ளிக்கூடத்தில் எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், நீயும் துணைக்கு வாப்பா என்று கேட்டீர்கள். வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். உங்களுக்கு ஓர் அத்தை இருந்தாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. திருநின்றவூரில் குடியிருந்தோம். கைக்குழந்தையான தங்கச்சிக்கு விடாத காய்ச்சல். அப்பாவும் அம்மாவும் அவளோடு டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒருநாள் அம்மாவின் தம்பி, என் மாமா, அவளைக் காட்டுவதற்காகத் தன் லோடு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று வழியெல்லாம் நான் வாய் மூடவில்லை. பாடி தாண்டியதும் மாமாவுக்குப் போன் வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போய்ப் பேசினார். பாட்டில் தண்ணீரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்லடா. ஆஸ்பத்திரில இப்ப உள்ள வுட மாட்டாங்களாம். வா, மியூசியம் பாத்துட்டுப் போலாம்."

எங்கள் பக்கத்தில் அதற்குச் செத்த காலேஜ் என்றுதான் பேர். மாமாவும் எப்போதும் அப்படித்தான் சொல்வார். அன்று சொல்லவில்லை.

ஐம்பொன் சிலைகள் வைத்த கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அம்மன் நின்றிருந்தாள். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, தங்கச்சிக்குக் காய்ச்சல் விடணும் தாயே என்று சத்தமாகவே வேண்டினேன். பிறகு, பக்கத்தில் நின்ற காவலாளியிடம் குங்குமத்துக்குக் கை நீட்டினேன்.

"இன்னாடா, என்னிய பூசாரின்னு நெனச்சிகினியா? செருப்ப மாட்டு. இங்கல்லாம் கும்புடக் கூடாது."

"வுடு அண்ணாத்தே," என்றார் மாமா. "கொயந்த கும்புட்டுக்கினு போட்டும்."

காவலாளி மாமாவின் முகத்தைப் பார்த்தார். நகர்ந்து போனார்.

வண்டி ஓட்டும்போதுகூட ஒரு கோயிலை விடாமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாமா, அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பியது. கேட்டதற்கு, "பாப்பா ஊட்டுக்கு வந்துகினு கீறா" என்றார். என் வேண்டுதல் பலித்துவிட்டது.

தெருவில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்க்க இத்தனை பேரா என்று பெருமையாக இருந்தது. உள்ளே தூளியைக் காணோம். அம்மா கண்ணில் படக்கூடாதென்று யாரோ அவிழ்த்து, சேலையை மடித்து வைத்திருக்கிறார்கள். அது எனக்கு எப்படித் தெரியும்? வந்ததும் தூங்குவாளே என்று, ஸ்டூல் போட்டு ஏறி, விட்டத்துக் கயிற்றில் அந்தச் சேலையை மறுபடி கட்டினேன். அவள் பாரம் தாங்குமா என்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன்.