பம்பைப் பற்றி டில்லி கேட்டது

பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஜனங்களின் மனுவைப் பார்த்தால் கொட்டாவி வரும்; பார்லிமெண்ட் கேள்வி என்று சொல்லிப் பாருங்கள், வந்த கொட்டாவியும் பாதியில் நின்றுவிடும். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கத்தில் பேனா பிடித்தவன் நான். நீங்களும் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவரானால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

இன்று மாலைக்குள்

கேள்வி டில்லியில் கிளம்பி, மெட்ராஸ் கோட்டைக்கு வந்து, காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் இளைப்பாறி, எங்களிடம் வரும். வழியில் ஆளுக்கு நாலு நாள் வைத்துக்கொள்வார்கள். நமக்கு மட்டும் 'இன்று மாலைக்குள்'.

அந்தத் தடவை வந்தது இது. (அ) இன்ன கிராமத்துக் காலனியில் மத்திய அரசுத் திட்டத்தில் போட்ட அடிபம்பு பழுதாகிக் கிடப்பது உண்மையா? (ஆ) உண்மையானால் காரணம் என்ன? (இ) யார் பொறுப்பு? அந்தக் காலனியின் கன்னியம்மா எங்களிடம் மூன்று மனு கொடுத்து அலுத்துப்போய், யாரையோ பிடித்து ஒரு எம்.பி.க்குக் கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள். மூன்று மனுவும் என் மேஜையில்தான் கிடந்தன. எனக்கே வெட்கமாக இருந்தது. டீ குடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றேன். கவரைக் கொண்டுவந்த பியூன் முனுசாமி சொன்னான்: "டீய நான் குட்ச்சிக்கறேன் சார். நீங்க எழுதினு இருங்க."

முதலில் பம்பு, அப்புறம் பதில்

'உண்மை' என்று எழுதினால் மாட்டிக்கொண்டோம். காரணமும் நாங்கள், பொறுப்பும் நாங்கள். மேனேஜர் கணபதி யோசித்தார். மெக்கானிக்கையும் என்னையும் உடனே ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். எட்டு மாசமாகக் கன்னியம்மாவிடம் 'ஜீப் இல்லை' என்று சொல்லிவந்த ஆபீஸ் இது.

மெக்கானிக் பைப்பைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரை எடுத்தெறிந்து புதுசு மாட்டினான். ஒன்றரை மணி நேரம். தண்ணீர் கொட்டியது. இத்தனை நாள் ஏரியோரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த கன்னியம்மா இடுப்புக் குடத்தோடு வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "இம்மா நேரந்தானா சார் வேலை? இதுக்கா டில்லிக்கு எழுத வச்சீங்க?"

எழவில்லை

சாயங்காலம் பதில் போனது. மேனேஜர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். (அ) இல்லை, பம்பு நன்றாக இயங்குகிறது. (ஆ), (இ) கேள்வி எழவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதலாவதற்கு 'இல்லை' போட்டுவிட்டால் மற்றதற்குப் பதிலே வேண்டாம். பொய்யென்றும் யாரும் சொல்ல முடியாது. எழுதும்போது பம்பு ஓடிக்கொண்டுதானே இருந்தது?

எம்.பி. நல்ல மனுஷர். பார்லிமெண்டில் கொடுத்த பதிலின் நகலைக் கன்னியம்மாவுக்கே அனுப்பிவிட்டார். படிக்கத் தெரியாத அவள் அதை எடுத்துக்கொண்டு, மானாம்பதி பஸ்ஸில் தொற்றி நேரே என் மேஜைக்கு வந்தாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வேறென்ன செய்வது? மேனேஜர் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவள் காகிதத்தைத் திருப்பி வாங்கி நிதானமாக மடித்தாள். "பம்பு கெடவே இல்லன்னா, எட்டு மாசம் நான் இன்னாத்துக்கு சார் ஏரிக்கு நடந்துக்கினு இருந்தேன்?"

பார்லிமெண்ட் கேட்டால் பம்பில் தண்ணீர் வந்துவிடும், பதில் வரவழைப்பதுதான் கஷ்டம் என்பது என் சர்வீசில் நான் கண்டது.