‘ஷி இஸ் நாட் தேர்’: அடையாறில் அக்காவின் ஐந்து நிமிடம்

இந்தத் தை மாதம் நான் சென்னைக்குப் போனது சிரிப்பதற்கு அல்ல. என் அக்கா மரகதத்தின் முதலாமாண்டுத் திதிக்குப் போனேன். போன தையில் அவள் மயிலாப்பூரில் இறந்தபோது எனக்கு இங்கே ஈப்போவில் ஒரு கல்யாண வரவேற்பில் பேச்சு இருந்தது. டிக்கெட்டும் அன்று மூன்று மடங்கு விலை. இரண்டில் எது காரணம் என்று என் மனைவியிடம்கூட இதுவரை தெளிவாகச் சொன்னதில்லை. சாவுக்குப் போகாதவன் திதிக்குப் போனேன். போன இடத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மலேசியாவிலிருந்து சென்னை போகிறவர்கள் கோயிலுக்கும் தி.நகர் புடவைக்கும்தான் என்னிடம் வழி கேட்டு எழுதுகிறீர்கள். இதற்கும் எழுதி வைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு வார இதழின் கடைசிப் பக்கத்தில் நகைச்சுவை எழுதுகிறவன், வயது ஐம்பத்தாறு. எதிர்ப்பக்கத்தில் மரண அறிவிப்புகள் வரும். வாசகர்கள் அதை நிதானமாகப் படித்து முடித்த பிறகுதான், அதே முகத்தோடு, என் பக்கம் திரும்புவார்கள்.

ஈப்போவிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம். விமானத்தில் இன்னொரு நான்கு மணி நேரம். போகவர எண்ணூற்றைம்பது ரிங்கிட். மீனம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு டாக்சி ஐந்நூற்று இருபது ரூபாய், ஐம்பது நிமிடம். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டாவது மாடியில் அத்தான் வீடு. அத்தான் பெயர் சுந்தரமூர்த்தி. மின்சாரத் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. ஈப்போ கான்வென்டில் படித்து, ஆங்கிலத்திலேயே கனவு கண்டுகொண்டிருந்த என் அக்காவை, முப்பத்தேழு வருடங்களுக்கு முன் கல்யாணம் செய்து இந்தச் சந்துக்கு அழைத்து வந்தவர். அதன்பிறகு அவள் ஈப்போவுக்கு வந்த தடவைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். கடைசியாக வந்தது அம்மாவின் சாவுக்கு. அது ஆகிறது பதினோரு வருடம்.

திதி வியாழக்கிழமை முடிந்தது. அத்தானின் தங்கை இரண்டு கிண்ணம் பாயசம் குடித்துவிட்டு, “மரகதத்துக்கு சமையல்தான் வராது, மனசு தங்கம்” என்று சொல்லிப் புறப்பட்டுப் போனார். ஊரில் இருந்தால் அந்த ஒரு வரியை வைத்தே ஒரு வாரப் பக்கத்தை நிரப்பியிருப்பேன்.

மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தேன். அத்தான் அக்காவின் போனைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதை அவர் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை ரீசார்ஜ் செய்து, படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

“இன்னாது மாப்ளே இது?”

ஆங்கிலத்தில் ஒரு செய்தி. தமிழில் சொன்னால் இப்படி: ‘ஆண்ட்டி, மலேசியாவிலிருந்து வந்தாச்சா? ஒரு வருஷம் ஆச்சு! ஞாயிறு ஐந்தரை மணி. உங்க ஐந்து நிமிஷம் அப்படியே இருக்கு. இந்தத் தடவையாவது அங்கிளைக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் அவரைப் பார்க்கணும்னு சொல்றாங்க. ரெஹானா.’

மேலே தள்ளிப் பார்த்தேன். மூன்று வருடமாக மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அடையாறு காந்தி நகரில் ஒரு காபிக் கடையின் மாடியில், என் அக்கா மேடையேறிப் பேசியிருக்கிறாள். அத்தானிடம் கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவரே நான்கு மணிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் விட்டு, ஏழரைக்கு அதே வாசலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நடுவில் அவள் ஆட்டோ பிடித்து அடையாறு போய் வந்திருக்கிறாள்.

அத்தானுக்கு விஷயத்தைப் புரியவைக்க முயன்றேன். “ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு பேசுவார் அத்தான். எதிரே இருக்கறவங்க சிரிக்கணும். அவ்வளவுதான்.”

“யாரைப் பத்திப் பேசுவாங்க?”

“பெரும்பாலும் வீட்டுல இருக்கறவங்களைப் பத்தி.”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். “வீட்ல நான் மட்டும்தானே மாப்ளே இருந்தேன்.”

பிறகு, “என்கிட்ட சொல்லியிருந்தா வாணாம்னா சொல்லியிருப்பேன்?” என்றார். அதற்கும் அவரே பதில் சொன்னார்: “சொல்லியிருப்பேன்.”

இறந்த செய்தியைப் பதிலாக எழுதிவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. “இதையெல்லாம் மெசேஜ்ல சொல்லக் கூடாது. நேர்ல போய் சொல்லிட்டு, என்னைப் பத்தி இன்னா சொல்லி சிரிக்க வெச்சான்னு கேட்டுக்கினு வந்துடலாம்.” அந்த இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை மாலை மாடவீதியில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்று, “நான் குறட்டை விடறதைச் சொல்லியிருப்பாளா?” என்று கேட்டார். குறட்டை என்றால் பரவாயில்லை என்று அவர் முகம் சொன்னது. தன்னோடு வாழ்ந்தது வீண் என்று ஒரு கூட்டத்திடம் சொல்லியிருப்பாளோ என்பதுதான் அவர் பயம்.

ஞாயிறு மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். அக்கா போன வழியிலேயே போக வேண்டும் என்பது அத்தானின் கட்டளை. மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி, பாலம், கோட்டூர்புரம். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பதினெட்டு நிமிடம். பின்னால் உட்கார்ந்தவனுக்கு அடையாற்று நாற்றம் இலவசம். நூலகத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆட்டோவைக் கைகாட்டினோம்.

“காந்தி நகரா? தோ கீது, நடந்தே பூடலாம் சார். நூறு ரூபா குடு.”

“நடந்தே போற தூரத்துக்கு நூறா?” என்றேன்.

“நடந்தா ஃப்ரீ நைனா. நானா வாணாங்கறேன்?”

எண்பதுக்கு ஒப்புக்கொண்டார். சென்னையில் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள்.

மாடியில் நாற்பது நாற்காலி. டிக்கெட் முந்நூறு ரூபாய், ஒரு காபி அதில் சேர்த்தி. வாசலில் ரெஹானா நின்றிருந்தார். ராயப்பேட்டைக்காரர், முப்பது வயது இருக்கும், நிகழ்ச்சியை நடத்துகிறவர். நாங்கள் யார் என்று நான் சொல்லத் தொடங்கியதுமே கையிலிருந்த சீட்டுகளைக் கீழே போட்டுவிட்டார்.

“ஐயோ அங்கிள்! நீங்கதானா அது! ஆண்ட்டி எங்க, கீழ யாரோடயாவது பேசிட்டு நிக்கறாங்களா? அப்படியே உள்ள வாங்க, உங்களுக்கு முதல் வரிசை.”

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் நான்கு பேர் வந்து கைகொடுத்தார்கள். எங்களை இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்தது.

ரெஹானா மேடையேறி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். “இன்று நம்மோடு ஒரு பிரமுகர் இருக்கிறார். மூன்று வருடமாக இவரைப் பற்றிக் கேட்டிருக்கிறோம், இன்றுதான் நேரில் பார்க்கிறோம்.” கைதட்டல். கீழே இறங்கி வந்து மைக்கை அத்தானிடம் நீட்டினார். “அங்கிள், வேர் இஸ் ஆண்ட்டி?”

அத்தான் எழுந்து நின்றார். அலுவலகக் கூட்டத்தில் நிற்பதுபோலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தமிழில் நாம் இறந்தவரை ‘இல்லை’ என்றுதான் சொல்வோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்து வைத்தார்.

“ஷி இஸ் நாட் தேர்.”

கூரை பிய்ந்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருடமாக நகைச்சுவை எழுதுகிறேன், இப்படி ஒரு சிரிப்பு என் காதில் விழுந்ததில்லை. அத்தான் ரயில் கடந்து போகட்டும் என்று காத்திருப்பவர்போல நின்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“எதுக்கு மாப்ளே சிரிக்கறாங்க?”

ரெஹானாவே சொன்னார். சிரிப்பு அடங்காமல், தமிழில். “அது ஆண்ட்டியோட முதல் லைன் அங்கிள்! வீட்டுக்கு போன் வந்தா, ஆண்ட்டி எதிரே நிக்கும்போதே நீங்க ‘ஷி இஸ் நாட் தேர்’னு சொல்வீங்களாமே.”

அத்தான் தலையாட்டினார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தவறில்லாத அலுவலக ஆங்கிலத்தில் பேசினார். “மேடம், அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார். அதனால் அப்படிச் சொல்வேன். அப்போது சொன்னது பொய். இப்போது சொல்வது பொய் இல்லை. போன ஜனவரியில். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தோம்.”

எந்திரத்தில் காபி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரெஹானா மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்தார்.

“மலேசியா போறேன்னு சொன்னாங்களே அங்கிள். தம்பி கூப்பிட்டிருக்கான், ரொம்ப நாள் இருந்துட்டு வருவேன்னு.”

இறப்பதற்கு முந்தின மார்கழியில், நோய் இன்னதென்று தெரிந்த வாரத்தில், அக்கா அவர்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். ஒரு வருடமாக இந்த மாடியில் நாற்பது பேர், அவள் ஈப்போவில் என் வீட்டில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு அவர் வந்த வேலையைக் கேட்டார். “என்னைப் பத்தி வேற இன்னாம்மா சொன்னா?”

ரெஹானா போனில் தேடி ஒரு பதிவை எடுத்து, அதை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். அக்காவின் குரல் வந்தது. அவள் பேசியது ஆங்கிலம். என் தமிழில் பாதி ருசி போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“போன் அடிக்கும். கரண்டியோடு எதிரே நிற்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘ஷி இஸ் நாட் தேர்’ என்பார். எனக்கே சந்தேகம் வந்துவிடும். கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொள்வேன்.” பதிவில் ஒரே சிரிப்பு. அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதே ஆட்கள்தான். தாங்கள் முன்பு சிரித்ததை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஈப்போவில் பேச்சு ‘லா’ என்று முடியும். மெட்ராஸில் ‘பா’ என்று முடியும். என் வீட்டில் முடியவே முடியாது. நடுவிலேயே அவர் மோட்டார் போடப் போய்விடுவார். ஆனால் ஒன்று, முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாள்கூட என் வீட்டில் தண்ணீர் நின்றதில்லை.”

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“என் தம்பி ஈப்போவில் நகைச்சுவை எழுத்தாளன். வருடா வருடம் போனில் சொல்வான், ‘அக்கா, வா, வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போ.’ அவன் சொன்னதிலேயே அதுதான் நல்ல ஜோக்.”

இந்த இடத்தில் அறையில் ஒரே ஒருவர் சிரித்தார். அத்தான். சத்தமாக, என் தோளில் அடித்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. நான் எழுதியிருந்தால் இரண்டு பத்தி இழுத்திருப்பேன்.

அடுத்து மேடையேறியவர் ஒரு வங்கி ஊழியர். வாடகை வீடு தேடுவதைப் பற்றிப் பேசினார். பாவம், அவருக்கு வாய்த்த கூட்டம் அது. முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். ஏழு இருபதுக்கு ஆட்டோ பிடித்து நூலக வாசலுக்குத் திரும்பினோம். ஸ்கூட்டரை எடுக்காமல் அத்தான் அங்கேயே நின்றார்.

“இங்கதான் நிப்பா. ‘இன்னா படிச்சே’ம்பேன். ஏதோ ஒரு புக் பேரு சொல்வா. அதுல இன்னா இருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டதில்ல, மாப்ளே.” பிறகு, “அஞ்சு நிமிஷத்துல என்னை ஒம்போது தடவை சொன்னா. எண்ணினேன். உன்னை ஒரே தடவைதான்” என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. அவர் கொண்டுவந்த பயம் தீர்ந்துவிட்டது. நான் எதுவும் கொண்டுபோகாதவன். அக்காவின் அந்த ஒரு ஜோக்கை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாதம் இரண்டு ஞாயிறு, மாலை ஐந்தரை. ஆங்கிலம் வேகமாக வரும், நடுநடுவே தமிழ் வந்து காப்பாற்றும். முதல் வரிசையில் உட்கார்ந்தால் மைக் உங்களிடம் வரும். சாக்கு எதுவும் தயாராக இல்லாதவர்கள் பின்னால் உட்காருவது நல்லது. கோட்டூர்புரத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். கால் வலி இல்லாதவர்கள் நடந்தே போகலாம், இரண்டு கிலோமீட்டர்தான்.

கடைசியாக, பாஸ்போர்ட். அந்த வாசலிலேயே நான் போனை எடுத்து, “மார்ச்சுல ஈப்போ வாங்க அத்தான், இப்பவே டிக்கெட் போடறேன்” என்றேன்.

“எனக்கு பாஸ்போர்ட்டே இல்லியே மாப்ளே.”

“அக்காவுக்கு இருந்ததா?”

“இருந்துச்சு. படுக்கையில விழறதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் புதுசா மாத்திக்கினா. எதுக்குடின்னு கேட்டேன்.” அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். “தம்பி கூப்புடுவான், பத்து வருஷத்துக்கு செல்லும்னா.”