தூரக்கண்ணாடியில் அண்ணா

மலாயாவில் சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஐயா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். பகலெல்லாம் ஆபீஸ் மேசைமேல் குனிந்திருந்த அந்த மனிதருக்கு ஆகாயத்தின்மேல் அப்படியோர் ஆசை. சனிக்கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதாக எங்கோ வாசித்துவிட்டு, அதைக் கண்ணால் பார்த்தே தீருவதென்று இருந்தார். அம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. அண்ணாவைப் படிப்புக்காக யாழ்ப்பாணம் அனுப்புவதென்று ஐயா முடிவு செய்ததிலிருந்து அம்மா அதிகம் பேசுவதும் இல்லை.

அண்ணாவுக்குப் பயணச் சாமான்கள் வாங்கச் சிரம்பானுக்குப் போன அன்றுதான் அந்தக் கடைக்குள் நுழைந்தோம். கீழக்கரையிலிருந்து வந்து பழைய பொருட்கள் விற்றுக்கொண்டிருந்த முதலாளி, இரண்டு தூரக்கண்ணாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று கப்பல்காரர்கள் வைத்திருப்பது. பித்தளை, இழுத்தால் நீளும். மற்றது முக்காலியில் நிற்கும் தடித்த குழாய். அதன் முகப்புக் கண்ணாடி தேநீர்த் தட்டளவு இருந்தது.

முதலாளி நேர்மையானவர். "வானம் பாக்கணும்னா பெரிய கண்ணாடிதான் சரி, கிராணியாரே. வெளிச்சத்த அள்ளும். ஆனா எல்லாம் தலைகீழாத்தான் தெரியும்," என்றார்.

நட்சத்திரத்துக்குத் தலையேது காலேது என்று ஐயா சிரித்தார். அம்மா மட்டும் பித்தளைக் குழாயை எடுத்து, வாசல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் அவர் வாய்திறந்து ஒரு பொருளைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"இஞ்சருங்கோ, இதை வாங்குவமே?"

"அதிலை வளையம் தெரியாதப்பா."

அம்மா குழாயை மெல்ல மடக்கி வைத்தார். தடித்ததுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

மழைக்காலம். வளையத்தைக் காணுமுன்பே அண்ணாவின் பயண நாள் வந்துவிட்டது. போர்ட் டிக்சனில் மாமாவோடு பினாங்குக் கப்பலில் ஏறினான். அங்கிருந்து கொழும்புக்கு வேறு கப்பல். தூரக்கண்ணாடியையும் கொண்டுவரும்படி அம்மா சொல்லியிருந்தார். கப்பல் விலகியதும் ஐயா அதைக் கரைச்சுவரின்மேல் நிறுத்தி, குறிபார்த்துக் கொடுத்தார். அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா எங்கை நிக்கிறான் எண்டு நீ பார், பிள்ளை."

கடல் மேலே இருந்தது. கப்பல் அதிலிருந்து வௌவால்போலத் தொங்கியது. யாரோ கையசைத்தார்கள், அந்தக் கையும் கீழ்நோக்கி ஆடியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணா தலைகீழாக நிற்கிறான் என்று கத்தினேன். ஐயா சிரிக்கவில்லை. அம்மா மறுபடியும் குனிந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, புகை மட்டும் மிஞ்சும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணா திரும்பி வரவில்லை. மறுவருடம் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலில் போய்விட்டான்.

அதன்பின் ஐயா தூரக்கண்ணாடியை வெளியே எடுக்கவே இல்லை. வளையத்தைக் காட்டும்படி நான் நச்சரித்தால், "இண்டைக்கு மேகமாயிருக்கு, பிள்ளை," என்பார். ஒருநாள் அந்தி கழிந்ததும் முற்றத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஐயா பொய் சொல்கிறார் என்று கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு உள்ளே வந்து, அவர் முன்னாலேயே அம்மாவிடம் முறையிட்டேன்.

அம்மா ஐயாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம், மேகம்தான்," என்றார்.

இருவரும் சேர்ந்துகொண்டு என்னை ஏய்க்கிறார்கள் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.