தேங்காய்ப்பூ பூசிய யந்திரம்

எங்கள் குசினியில், அடுப்படிச் சுவரோரம், ஒரு யந்திரம் இருந்தது. தினமும் அதன் பற்களில் கொஞ்சம் தேங்காய்ப்பூவை எடுத்துப் பூசி வைப்பேன். பின்னேரம் அவர் வேலையால் வரும் நேரம் பார்த்து, அவர் கண் முன்னாலேயே அதைக் கழுவுவேன். அதில்தான் அன்றைக்குத் தேங்காய் துருவினேன் என்று என் புருஷன் நம்ப வேண்டுமே, அதற்காகத்தான் இந்தக் கூத்து.

"நல்லா வேலை செய்யுதா புள்ள?" என்பார்.

"ஓம், அதுக்கென்ன குறை!" என்பேன், வாய் கூசாமல்.

வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் படுகிற பக்கம், படுவான்கரை. சூரியன் எழுகிற இந்தப் பக்கம் எழுவான்கரை. அவர் அந்தக் கரை. நான் இந்தக் கரை, செட்டிபாளையம். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவரும் தோணியேறி ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். உள்ளே வேட்டி சால்வை இருக்கும், எடுத்து மடித்து வைப்போம் என்று என் அம்மா ஆசையாகத் திறந்தாள். அரம், குறடு, சுத்தியல், பெயர் தெரியாத இரும்புத் துண்டுகள். உடுப்பு அடியில் ஒரு மூலையில் கசங்கிக் கிடந்தது.

"மருமகன் கலியாணத்துக்கு வந்தாரா, வண்டில் திருத்த வந்தாரா?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் பார்த்திருப்பாரோ என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல அந்தப் பெட்டி ஒன்றுதான். வீடு என்னுடையது. கட்டில், பானை சட்டி, அம்மி, உரல், எல்லாம் எனக்குத் தந்தவை. அவர் உட்கார்ந்து சாப்பிட்ட மர வாங்குகூட என் அப்பா உயிரோடு இருந்தபோது செய்வித்தது. அம்மா அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் சட்டியைப் போட்டு உடைத்தால் அவளுக்குக் கேட்கும். இதற்கு நடுவில் அவர் கால் வைக்கவும் யோசித்து யோசித்துத்தான் வைப்பார். ஒரு சாமானை இடம் மாற்றி வைப்பதென்றாலும் "இத இஞ்ச வெக்கட்டா?" என்று கேட்பார். சாப்பாட்டில் ஒரு குறை சொன்னது கிடையாது. எதைப் போட்டாலும் "நல்லாயிரிக்கு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவார். அயலிலுள்ள பெண்கள் எல்லாம், "உனக்கு வாய்ச்சது தங்கம் கா" என்று பெருமூச்சு விடுவார்கள். நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அவர் அரிசி ஆலையில் எஞ்சின் பார்க்கிற வேலை. ஆலையில் கழித்துப் போடும் இரும்பு, தோல் வார், உடைந்த சைக்கிள் உறுப்பு, எது கிடைத்தாலும் வீட்டுக்கு வந்துவிடும். மாமாங்கத் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனால் மற்றப் பெண்களின் புருஷன்மார் வளையலும் பொரிகடலையும் வாங்கிக் கொடுப்பார்கள். இவர் பழைய இரும்பு விற்கிறவனுக்கு முன்னால் குந்தியிருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஆனால் கை வேலைக்காரர். அதை மறுத்தால் நாக்கு அழுகிப்போகும். சோடாப் போத்தல் மூடிகளை ஒரு தடியில் வரிசையாகக் கவிழ்த்து ஆணியடித்து, மீன் செதில் சுரண்ட ஒன்று செய்து தந்தார். மணலை மீனை வாலிலிருந்து தலைக்கு இரண்டு இழுவை இழுத்தால் போதும், செதில் அத்தனையும் கழன்றுவிடும். ஊரே இரவல் கேட்டது. லாம்புச் சிமினிக்குள் கை போகாது என்று நான் ஒருநாள் முணுமுணுத்ததற்கு, கம்பியில் தேங்காய்த் தும்பைக் கட்டி, உள்ளே விட்டு அமர்த்தினால் குடைபோல் விரிகிற ஒன்று வந்தது. கொதிக்கிற சட்டியைக் கவ்வித் தூக்க, சைக்கிள் கம்பியால் ஒரு பெரிய கிடுக்கி. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க நாலு பக்கமும் கொக்கி வைத்த ஒன்று. இவற்றையெல்லாம் நான் மெய்யாகவே பாவித்தேன். மெய்யாகவே புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சிதான் வினையாகிப்போனது. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். நடையில் ஒரு சொந்தம் வந்தது.

அப்புறம்தான் அந்தத் தேங்காய் துருவும் யந்திரம் வந்தது.

எத்தனையோ மாதமாக ஆலையில் மிச்ச நேரத்தில் இருந்து செய்தாராம். ஒரு முனையில் பூப்போல விரிந்த இரும்புப் பற்கள், மறுமுனையில் சைக்கிள் மிதியில் செய்த கைபிடி. சுவரோரப் பலகையில் ஆணியடித்து இறுக்கினார். ஒரு கையால் பாதித் தேங்காயைப் பற்களில் அமர்த்திப் பிடித்து, மறு கையால் கைபிடியைச் சுற்ற வேண்டும். அவர் சுற்றிக் காட்டினார். தேங்காய்ப்பூ மழைபோல் கொட்டியது. அம்மாகூட எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் போவதென்றால் அது பெரிய வெற்றி.

அடுத்த நாள் நான் சுற்றினேன். ஐயோ, அந்தச் சங்கடத்தை என்னவென்று சொல்ல! கை பிசகுகிறது, தேங்காய் வழுக்குகிறது, பற்கள் சிரட்டையையும் சேர்த்துக் கடிக்கின்றன. ஆலையே குசினிக்குள் வந்து கத்துவதுபோல் ஒரு கிறீச். பால் பிழிந்தால் மண்ணிறம். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒருநாள், அவர் தலை மறைந்ததும், அம்மா தந்த பழைய துருவலையை எடுத்தேன். அதைப் போட்டுக் குந்தி, ஒரே மூச்சில் ஒரு தேங்காயைத் துருவி முடித்தேன். வேலை முடிந்ததும் துருவலையை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்தேன்.

சொல்லியிருக்கலாம். "இது எனக்கு ஏலாமக் கிடக்கு" என்று ஒரு வார்த்தை. எத்தனை முறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது! ஆனால் அவர் அந்த யந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது முகத்தைப் பார்த்தால் வராது. பாவம், வந்த இடத்தில் மனம் நோகக் கூடாது என்று விட்டுவிடுவேன். அப்படித்தான் என் மனதுக்குள் நான் சொல்லிக்கொண்டேன்: வந்த இடத்தில்.

இப்படியே வருஷங்கள் போயின. லீவு நாளில் அவர் வீட்டிலிருந்தால் அந்தக் கிறீச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன், மண்ணிறப் பாலுக்குத் தேங்காயைத் திட்டுவேன். மற்ற நாளெல்லாம் பழைய துருவலை. அதைப் பற்றி அயலில் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். "எங்கட அம்மாட காலத்து இரும்பு. ஒரு நாளும் மொட்டையாகல்ல. இப்ப வாற இரும்பெல்லாம் ஒரு இரும்பா?" கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பிறகு அந்த உலக யுத்தம் வந்தது. ஆலைக்கு எண்ணெய் கிடைக்கவில்லை, எஞ்சின் நின்றது. திருக்கோணமலைத் துறைமுகத்தில் கைவேலைக்காரர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தைப்பொங்கல் முடிந்த கையோடு அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். போகும்போது யந்திரத்துக்கு எண்ணெய் விட்டார். "கவனமாப் பாத்துக்க புள்ள" என்றார். என்னையா, யந்திரத்தையா என்று கேட்டுச் சிரித்தேன்.

அவர் போனதும் துருவலையை வெளியிலேயே போட்டுக்கொண்டேன். ஒளிக்க ஆளில்லையே. சொல்லக் கூசுகிறது, முதல் சில நாள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பங்குனி மாதம் துருவலை சறுக்கத் தொடங்கியது. முதலில் தேங்காய் முற்றல் என்று நினைத்தேன். பிறகு என் கைதான் சோர்ந்துபோனது என்று நினைத்தேன். ஒருநாள் தேங்காய் நழுவி, பெருவிரலில் பல் ஏறி இரத்தம் வந்தது. அம்மா பழந்துணியோடு ஓடி வந்தாள். துருவலையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மொட்டை. இதால துருவினா கை அறுபடாம என்ன செய்யும்?"

"ஒங்கட காலத்து இரும்பு எப்பிடியம்மா மொட்டையாகும்?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய் மகள்? என்னட்ட இரிக்கக்குள்ள மாதத்துக்கொருக்காக் கொல்லனிட்டக் குடுத்து அராவுவன். உன்னட்ட வந்த பொறகு நீ ஒரு நாளும் குடுக்கல்ல. ஆர் அராவித் தாறதெண்டு நானும்தான் யோசிச்சன்."

துருவலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேய்ந்துபோன பற்களின் அடியில் அரம் ஓடிய கோடுகள் இருந்தன. கொல்லன் அராவிய அம்மாவின் கத்தியில் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இவை இடப்பக்கம் சாய்ந்திருந்தன. எழுந்து போய் யந்திரத்தின் பற்களைப் பார்த்தேன். அங்கேயும் அதே இடப்பக்கச் சாய்வு.

அவர் இடக்கைக்காரர். சின்ன வயதில் அடித்துச் சோற்றுக்கு மட்டும் வலக்கையைப் பழக்கியிருந்தார்கள். சுத்தியலும் அரமும் இடக்கையில்தான்.

விறகு கொத்துகிறவர் அவர். கொத்திய விறகை அடுக்குகிறவரும் அவர். அந்த அடுக்குக்குப் பின்னால் போய் ஒளித்து வைத்தேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல! ஒளித்த முதல் கிழமையே கண்டிருப்பார். கண்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தேங்காய்ப்பூ பூசிக் கழுவுவதைப் பின்னேரம் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டு, "நல்லா வேலை செய்யுதா புள்ள?" என்று கேட்டிருக்கிறார். என் விரல் அறுபடக் கூடாதென்று நான் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்து அராவி, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்.

யந்திரத்துக்கு முன்னால் நின்றபோது இன்னொன்றும் புரிந்தது. கைபிடி இடப்பக்கம் இருந்தது. அவர் கைக்குப் பழகியபடி செய்துவிட்டார். நான் இத்தனை வருஷம் பழக்கமில்லாத கையால் சுற்றியிருக்கிறேன். யந்திரத்தில் வேறு பிழையே இல்லை. நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பின்னேரத்தில் மாற்றித் தந்திருப்பார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அம்மா என்ன என்ன என்று கேட்டாள். விரல் வலி என்று சொன்னேன். அம்மாவுக்கும் ஒரு பொய்.

சித்திரை வருஷப் பிறப்புக்குச் சில நாள் முன்பு எதிரிகள் விமானத்தில் வந்து திருக்கோணமலையில் குண்டு போட்டார்கள். எங்கள் கடற்கரைக்கும் இடிபோல் சத்தம் கேட்டது. சனம் கடலைப் பார்த்து ஓடியது, பிறகு கடலைவிட்டு ஓடியது. துறைமுகத்தில் நின்றவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை என்று ஒருவன் வந்து சொன்னான். பாதிப் பேர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள் என்று இன்னொருவன் சொன்னான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். எனக்கு நேர்த்தி வைக்கக்கூட நா எழவில்லை. மனதில் ஒரே ஒரு கதறல்தான் இருந்தது. இந்த மனிதர் என் வீட்டில் ஒரு நாளாவது தன் வீடு என்று இருக்காமலே போய்விட்டாரா? நானல்லவா அவரை வாசலிலேயே நிற்க வைத்திருந்தேன்!

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் வேலியோரம் தகரப் பெட்டி தெரிந்தது. பிறகுதான் அவர் தெரிந்தார். சட்டையெல்லாம் கரி, தாடி வளர்ந்திருந்தது, செருப்பு இல்லை. வந்து வாங்கில் இருந்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும், காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நானோ குசினிக்குள் ஓடி, துருவலையைத் தூக்கி வந்து அவர் காலடியில் தொப்பென்று போட்டேன்.

"மொட்டையாப் போச்சு."

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போகக்குள்ள அராவித்தானே வெச்சன்" என்றார், மெதுவாக.

"தெரியுந்தானே உங்களுக்கு? தெரிஞ்சும் என்னத்துக்குச் சும்மா இரிந்தீங்க? அந்த மெசின்ட கைபிடி இடப்பக்கம் கிடக்கு. எனக்கு ஏலா. முதல் நாளே ஏலா!" என்று கத்தினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"மருமகனுக்கு முதல்ல தண்ணி குடு மகள்! உயிரோட வந்த மனிசனிட்டயா சண்டை பிடிக்கிறாய்?" என்று அம்மா அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டாள்.

அவர் தன் இடக்கையை விரித்து ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அட, ஓமென்ன" என்றார். "இத அப்பவே சொல்லியிரிக்கலாமே."

"உங்கட மனம் நோகுமெண்டுதான்... நல்லாயிரிக்கு எண்டு..."

"வீட்டுக்கு விருந்துக்கு வந்தவனுக்குத்தான் புள்ள, எல்லாம் நல்லாயிரிக்கு எண்டு சொல்றது."

சத்தமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். குனிந்து செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் பெட்டியைத் திறந்து அரத்தை எடுத்துவிட்டார். முதலில் துருவலை. பிறகு பலகையிலிருந்து யந்திரத்தைக் கழற்றி, கைபிடியை வலப்பக்கத்துக்கு மாற்றினார்.

இரவு சோறு போட்டேன். தேங்காய்ப்பால் சொதியும் மீன் பொரியலும். தேங்காயை யந்திரத்தில்தான் துருவினேன், வலக்கையால். கிறீச் மட்டும் போகவில்லை, ஆனால் பால் வெள்ளையாக வந்தது. அவர் சொதியை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"புள்ள, சொதிக்கு உப்புக் கூட."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் குறை அது. சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய் உப்புச் சட்டியை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கை நின்றது. இத்தனை வருஷமும் வழக்கமாகப் போடுகிற அதே அளவைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தேன்.