மூன்றாவது பேட்ச் ஓடிய மதியம்

அந்தக் கணினியைத் தேனி பஸ் நிலையத்திலிருந்து மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். அலுவலகம் அனுப்பிய பார்சல் தேனியோடு நின்றுவிட்டது. மானிட்டர் காலடியில், பெட்டி மடியில். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னம்மா, கிரைண்டரா?" என்றார். கம்ப்யூட்டர் என்றேன். "இப்பத்தான் புத்தகம் மாதிரி மடிக்கிற கம்ப்யூட்டரு வந்திருச்சே, இன்னமும் இதத் தூக்கிட்டு அலையிற?" என்று வீரபாண்டி வரைக்கும் கேலி செய்துகொண்டே வந்தார். வேறு நாளாக இருந்தால் சுள்ளென்று ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. பெட்டியின் கனம் தொடையில் அழுத்த அழுத்த, இனிமேல் இங்கேதான், இங்கேதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். அதில் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது கொரோனா தந்த இரண்டு வருடம் மட்டும். மற்ற நாளெல்லாம் நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். அவர் ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில். இரண்டு வாரத்துக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு. கொரோனா முடிந்து எல்லாரையும் அலுவலகத்துக்குத் திரும்பக் கூப்பிட்டபோது நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். போனேனே தவிர, விடவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு மாதக்கணக்கில் மேலாளரின் உயிரை எடுத்தேன். கடைசியில் அவர் இறங்கிவந்து ஒரு நிபந்தனை போட்டார். வாடிக்கையாளர் மடிக்கணினியை ஒத்துக்கொள்ள மாட்டார், மேசைக் கணினிதான். அதில் மென்பொருளை நானே நிறுவி, மூன்று பேட்ச்சையும் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணைப்பில் வர வேண்டும். "வரலேன்னா திங்கக்கிழமை சென்னையில இருக்கணும்மா. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வேண்டாம்" என்றார்.

அந்த மென்பொருள் என்ன செய்யும் என்று என் கணவருக்கு ஒருமுறை விளக்கினேன். ஒரு ஆஸ்பத்திரி நோயாளிகளின் பட்டியலை ஒரு விதமாக வைத்திருக்கும், இன்னொன்று வேறு விதமாக. இரண்டையும் வாங்கி, அழுக்கு நீக்கி, ஒரே அமைப்பாக்கி, வேண்டிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பேட்ச் என்பது அதில் பிறகு கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கிற ஒட்டு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாய்க்கால்ல மட மாத்திவிடுற வேல. அதுக்கு எதுக்கும்மா சென்னை?" என்றார். நானும் அதைத்தான் மேலாளரிடம் ஆங்கிலத்தில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீடு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. திராட்சைப் பந்தல் ஜன்னல் வரைக்கும் வந்து முட்டும். அறைக்குள் விழுகிற வெளிச்சமே கொஞ்சம் பச்சைதான். முதலில் தரவுத்தளம், பிறகு சர்வர், பிறகு உரிமக் கோப்பு. ஒவ்வொன்றாகக் கேட்டது, ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். எந்த வட்டில், எந்தப் பெயரில், எந்த எண் வழியாக? கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு நீளப் பட்டை மெல்ல நிறைந்துகொண்டே போகும். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தமும் பட்டை நகர்வதும் ஒரே வேகம் என்று தோன்றியது. சென்னையில் இதே வேலையைப் பத்துத் தடவை செய்திருக்கிறேன். ஒருநாளும் அது இப்படி நிதானமாக மூச்சுவிட்டதில்லை. பாதி விழிப்பில், பாதி எங்கோ மிதந்தபடி, அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் மென்பொருள் ஏறிவிட்டது. முதல் பேட்ச் போனது. இரண்டாவதும் போனது.

மூன்றாவது பெரியது. அதற்கான வழிகாட்டியின் ஏழாவது வரி, சேவைகளை நிறுத்து, மென்பொருளின் கோப்புறையையும் தரவுத்தளத்தையும் நகல் எடுத்து வை என்றது. கோப்புறையை நகல் எடுத்தேன். தரவுத்தளத்தை எடுக்கவில்லை. மறக்கவில்லை, சோம்பல்தான். புதிதாகப் போட்டதுதானே, உள்ளே என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பேட்ச்சை ஓடவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஆனி மாதக் காற்று கணவாய் வழியாக வந்து பந்தலை உலுக்கியது. இலைகளின் நிழல் திரையில் ஓடியது. எது நிழல், எது எழுத்து என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் பட்டை உள்ளேயும் நகர்ந்தது. அது முடிந்ததும் எழுந்துபோய் அவரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு சதவீதம் பார்த்தது நினைவிருக்கிறது.

பிறகு எல்லாம் நின்றது. மின்விசிறி, திரை, வெளியே மோட்டார், எல்லாம்.

எங்கள் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டாருக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும்; பேஸுக்கு ஒன்றாக மோட்டார் அறையில் மூன்று பல்பு எரியும். காற்றுக் காலத்தில் கம்பி உரசி ஒரு பேஸ் போனால் ஒரு பல்பு மங்கும். மங்கினால் யோசிக்கவே மாட்டார்கள், ஓடிப்போய் மெயினை இழுத்துவிடுவார்கள். தாமதித்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும், காய் பருக்கிற நேரத்தில் கொடி காயும். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு மெயினும் மோட்டார் மெயினும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவர் பழக்கத்தில் இரண்டையும் சேர்த்து இழுத்துவிட்டார். திடீர் மின்தடைக்கான யூபிஎஸ் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது.

மின்சாரம் திரும்பியதும் நகல் எடுத்த கோப்புறையை எடுத்து வைத்துப் பார்த்தேன். மென்பொருள் எழும்பவில்லை. கோப்புறை பழையது, தரவுத்தளம் பாதி புதியது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. மணி இரண்டே முக்கால்.

அவர் வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மண். "ஒரு பேஸு போயிருச்சு, அதான்... ஒன்னோடது ஓடிக்கிட்டிருந்துச்சோ?"

"ஓடிக்கிட்டிருந்துச்சோவா? காலையிலருந்து அதுக்குத்தான உக்காந்துருக்கேன்! மோட்டாரு மெயினை மட்டும் இழுக்கத் தெரியாதா?"

"கை பழகிப்போச்சும்மா."

"நான் இங்கன இருக்கது ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க. இப்படி மெயினை இழுத்துச் சொல்ல வேணாம்."

எனக்கு வாய் நீளம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தபோதே, இது நீளம் இல்லை, அநியாயம் என்று தெரிந்தது. ஏழாவது வரியைத் தாண்டியது நான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் திரும்பிப் போனார்.

எல்லாவற்றையும் அழித்தேன். தரவுத்தளத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். காலையில் படித்துப் படித்துச் செய்ததை இப்போது கை தானாகச் செய்தது. முதல் பேட்ச். இரண்டாவது. இந்தத் தடவை கோப்புறை, தரவுத்தளம் இரண்டையும் நகல் எடுத்தேன். மூன்றாவதை ஓடவிட்டபோது நான்கு மணியைத் தாண்டியிருந்தது. காற்று இன்னும் பலமாக அடித்தது. விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டியது. மெயின் விழவில்லை. திரைக்கும் எனக்கும் நடுவே சாரல் புகுந்தது போல எல்லாம் மங்கலாக இருந்தது. நடுவில் எப்போதோதான் கவனித்தேன், வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தமே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம் அது.

ஐந்து மணியாகப் பத்து நிமிடம் இருந்தபோது இணைப்பு பச்சையானது. மேலாளர் கூப்பிட்டார். "வந்துட்டீங்க. பேட்ச் எல்லாம் சரியா இருக்கு. அங்கேயே இருங்கம்மா, நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார்.

செருப்புப் போடாமல் மோட்டார் அறைக்கு ஓடினேன். அவர் பலகைக்கு முன்னால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மோட்டாரின் மூன்று பியூஸ் கட்டைகளும் அவர் சட்டைப்பையில் பிதுங்கிக்கொண்டு இருந்தன. மோட்டாரை அடியோடு நிறுத்திவிட்டு, பல்பு மங்கினாலும் கை மெயினுக்குப் போய்விடாமல் காவல் நின்றிருக்கிறார், தன் கைக்கே.

"முடிஞ்சிருச்சு" என்றேன். "இங்கனயே இருக்கச் சொல்லிட்டாக. தப்பு என்னோடதுதான். நகல் எடுக்காம விட்டேன். ஒங்களப் போயி..."

அவர் தலையை ஆட்டினார்.

"நீ கேட்டியில்ல, பிடிக்கலையான்னு" என்றார். "ஞாயித்துக்கெழம ஒன்ன பஸ்ஸு ஏத்திவிட்டுட்டு நான் வீட்டுக்குப் போறதில்லம்மா. நேரா இங்கன வந்து படுத்துக்கிருவேன். உள்ள போக மனசு வராது. மறுநா விடிஞ்சு, வேலையாளு வந்தப்பறந்தான் வீட்டுக் கதவையே தெறப்பேன்."

அறை மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மதியத்தில் கண்ணயர வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு வருடம், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடக்கவில்லை. அழுதுகொண்டே போய்க் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

"என்னம்மா பண்ற?"

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். இரண்டு பேருமாக, பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து, அதை வீட்டுக்குத் தூக்கிவந்தோம்.